நேர்முகப் பரீட்சையில் நேரும் பிழைகள்

கல்வியின் பயன் உத்தியோகம் ஒன்றே அன்று என்று மேடைதோறும் கேட்டு வருகிறோம். அது மெய்யுரையே. ஆயினும், இவ்வாண்டு மலரைக் கையில் ஏந்தும் மாணவருட் பெரும்பாலோர், இன்னும் சில திங்களில் யாதானும் ஒரு காரியாலயத்தின் தாழ்வாரத்தில், தம் பெயரைக் கூவியழைக்கும் வரையில் பெஞ்சியின் நுனியில் அமர்ந்திருக்கப் போகிறவர்களே என்பதும் மெய்யுரையே. அவர்களுட் பலரை அவ்விடத்திற்கு அனுப்பி வைத்தவை ஒரு சிறு நிலத்தின் அடமானமும், ஒரு தாயின் காதணியும், தறிக்குழியில் நாற்பதாண்டு கால் மிதித்த ஒரு தந்தையின் முழங்கால் வலியும் ஆகும். இத்துணைப் பொருளும் உழைப்பும் கால்மணி நேரச் சம்பாஷணை ஒன்றில் வைத்து நிறுக்கப்படுகின்றன. ஆதலின், அக்கால்மணி நேரத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளைப் பற்றிச் சில கூறுதல் வீண்காரியம் ஆகாது என்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

யான் தாராசுரத்திற் பிறந்தவன். பட்டு நெசவால் வயிறு வளர்த்த வீட்டுப் பிள்ளை. இக்கல்லூரியின் பழைய மாணாக்கன். உத்தியோகம் வேண்டி மேசைக்கு இப்புறம் நடுங்கி அமர்ந்த நாள்களும் உண்டு. பிற்காலத்தில், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருவனாக மேசைக்கு அப்புறம் அமர்ந்த நாள்களும் உண்டு. இருபுறமும் இருந்து பார்த்த எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. சட்டையின் கசங்கல், கையின் நடுக்கம், ஒரு சொல்லின் பிழைபட்ட உச்சரிப்பு ஆகிய சிறு குற்றங்களாற் கெட்டவர் மிகச் சிலர். தாம் அல்லாத ஒருவராகத் தம்மைக் காட்டப் புகுந்து, அவ்வேடத்தைக் காக்க மாட்டாமற் கெட்டவரே பலர். ஏனைய பிழைகள் கிளைகள், இதுவே வேர். இதனை முதற்கண் என் வாழ்விலிருந்தே எடுத்துக் காட்டுவது நேர்மையாகும்.

பட்டம் பெற்ற ஆண்டில் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கிய சட்டையை அணிந்து சென்றேன். குழுவில் மூவர் இருந்தனர். நடுவில் இருந்த முதியவர் என் விண்ணப்பத்தை நோக்கி முகம் மலர்ந்து, "தம்பிக்குத் தாராசுரமா? அந்தக் கோயிலைக் கட்டிய அரசர் யார்?" என்று வினவினார். என் அச்சத்தைப் போக்கும் பொருட்டே அவர் அதனை வினவினார் என்பது இப்போது விளங்குகிறது. அக்கோயில் வெளியில் ஓடி விளையாடி வளர்ந்தேனேயன்றி அதன் வரலாற்றை ஒரு நாளும் கற்றேனல்லேன். எனினும் சிறிதும் தயங்காது, "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன்" என்றேன். "இருவரும் ஒருவர்தாமா? சற்று யோசித்துச் சொல்லுங்கள்" என்று அவர் தப்புவதற்கு ஒரு வாயில் திறந்து வைத்தார். அவ்வாயிலிலும் நுழைந்தேனல்லேன். "ஆம் ஐயா, தஞ்சைக் கோயிலை முடித்த பின்னர் எங்கள் ஊருக்கு வந்து இதனைக் கட்டினார்" என்று ஒரு கதையே புனைந்துவிட்டேன்.

தஞ்சைக் கோயில் நிறைவெய்தியது 1010-ஆம் ஆண்டில். எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலை எடுப்பித்தவனோ 12-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அரசாண்ட இரண்டாம் இராசராசன். இருவருக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. அதனை யான் ஒரே மூச்சில் தாண்டினேன். முதியவர் ஒன்றும் மறுத்துரைத்தாரில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வலப்புறம் இருந்தவர் அடுத்து என் தந்தையாரின் தொழிலைப் பற்றி வினவலானார். விண்ணப்பத்தில் "ஜவுளி வியாபாரம்" என்று எழுதியிருந்தேன். கூலிக்கு நெய்பவர் என்று எழுதக் கை கூசிற்று. அவர் அதனை மெய்யென நம்பி, சரக்குக் கொள்முதல், கடன் தவணை, வரி என்று மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. பாவு ஓட்டுவது எங்ஙனம், அறுந்த இழையைச் சேலையில் தெரியாதவாறு முடிவது எங்ஙனம், ஜரிகை மாறினால் விலை எங்ஙனம் மாறும் என்று அவர் கேட்டிருப்பாராயின், ஒரு மணி நேரம் ஓயாது விடை கூறியிருப்பேன். அக்கேள்விகள் வரவேண்டிய கதவை யானே என் கையால் அடைத்திருந்தேன்.

உத்தியோகம் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? அன்று மாலை வீடு திரும்பியதும், தறியிலிருந்து எழாமலே என் தந்தையார், "என்னப்பா கேட்டார்கள்?" என்றார். "நம் கோயிலைப் பற்றியும் உங்களைப் பற்றியும் கேட்டார்கள்" என்றேன். "இரண்டும் உனக்குத் தெரிந்ததுதானே!" என்று அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி என்னைச் சுட்டதுபோல அக்குழுவினரின் மௌனமும் சுடவில்லை.

இனி, நேர்முகப் பரீட்சை எதன் பொருட்டு நிகழ்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். எழுத்துப் பரீட்சை ஒருவன் கற்றவற்றை அளக்கிறது. அதையே மீண்டும் வாயால் அளப்பதாயின் நேர்முகம் வேண்டுவதில்லை. இந்திய நாட்டின் உயர்ந்த உத்தியோகங்களுக்கு ஆளெடுக்கும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம், சிவில் சர்வீஸ் பரீட்சையின் இறுதிக் கணக்கில் எழுத்துக்கு 1750 மதிப்பெண்ணும் நேர்முகத்திற்கு 275 மதிப்பெண்ணும் வகுத்திருக்கிறது. அவ்வாணையமே தன் விதிகளில், எழுத்தில் முன்னரே சோதிக்கப்பட்ட அறிவை மறுபடியும் சோதிப்பது நேர்முகத்தின் கருத்தன்று என்றும், அது வழக்குமன்றத்துக் குறுக்கு விசாரணை போன்றதன்று, ஒரு நோக்கத்தோடு கூடிய இயல்பான உரையாடலே என்றும் தெளிவுறக் கூறுகிறது. அங்கு நோக்கப்படும் குணங்களுள் அறிவின் நேர்மையும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. ஆகவே, தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுகிறவன் ஒரு விடையை மட்டும் இழக்கின்றானல்லன்; அப்பரீட்சை எதனைக் காண அமைந்ததோ அதனையே இழக்கிறான்.

"அறியேன் என்றால் அறிவிலி என்று எண்ணமாட்டார்களா?" என்று மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு எங்கள் ஊருக்கு அடுத்த கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்வேன்.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 25-ஆம் பிராயம் நிறையும் தறுவாயில், கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார்கள். ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் அவர்களே அவரைத் தம் இடத்திற்கு உரியவர் என்று எடுத்துரைத்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிப் பழகியவர். இப்போது காலேஜ் பண்டிதர். இத்தகைய பெருமையோடு அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார்கள். அஃது உத்தியோகத்திற்கான நேர்முகம் அன்று. ஆயினும் தமிழுலகில் அதனினும் பெரிய நேர்முகம் நிகழ்ந்ததில்லை என்பது என் கருத்து.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை அடுக்கினார்கள். கேட்டவருக்கு அதில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்றே வினவினார். பிறகு, புராணங்களையும் கம்பராமாயணத்தையும் கூறியும் அவர் மனம் நிறையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களாகிய சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்நிலையில் நம்மில் ஒருவர் என் செய்திருப்போம்? பெயரையேனும் கேட்டிருக்கிறோமே என்ற துணிவில், "ஓரளவு பார்த்திருக்கிறேன்" என்று நழுவியிருப்போம். ஐயரவர்கள் அவ்வாறு செய்தார்களில்லை. அந்நூல்கள் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், கிடைத்தாற் படிக்கும் தைரியம் தமக்கு உண்டு என்றும் கூறினார்கள். முதலியார் பின்னர்ச் சிந்தாமணிப் பிரதியை அளித்தார். அதிலிருந்து பிறந்தது 1887-இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பு. அதனைத் தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

அன்று ஐயரவர்கள் ஒரு பொய்யால் தம் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தால், முதலியார் அடுத்த வினாவில் அதனை வெளிப்படுத்தியிருப்பார்; அல்லது, படித்தவர்க்கு மறுபடியும் பிரதி எதற்கு என்று வாளா இருந்திருப்பார். இரண்டில் எது நிகழினும் நட்டம் தமிழுக்கே. தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கிய முதுமையிலும், ஆனந்த விகடன் வாசகர் அனைவரும் அறிய, இந்நிகழ்ச்சியை அவர்கள் மறையாது விரித்துரைத்தமை நோக்கத்தக்கது.

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர் மனங்கொள்ள வேண்டும். "அறியேன்" என்னும் சொல் மட்டும் போதாது. கேட்ட வினாவுக்கெல்லாம் கைவிரிப்பவனுக்கு யாரும் உத்தியோகம் கொடார். ஐயரவர்களின் விடையில் மூன்று கூறுகள் அடங்கியிருந்தன. தாம் அறிந்தவற்றை முன்னரே நிறைவாகச் சொன்னார்கள். அறியாததை மழுப்பாது ஒப்புக்கொண்டார்கள். அதனைக் கற்பதற்குரிய திறமும் விருப்பமும் உண்டு என்று உறுதி கூறினார்கள். இம்மூன்றும் சேர்ந்தவழியே "அறியேன்" என்பது குறையாகாமல் தகுதியாகிறது.

அறிந்ததை எங்ஙனம் எடுத்துரைப்பது என்பதற்கும் கும்பகோணமே நமக்கு மற்றோர் ஆசிரியரைத் தந்திருக்கிறது. அவர் கணிதமேதை சீநிவாச ராமானுஜன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு பல பெற்றவர். அவ்வூர்க் காலேஜிலோ கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தவர். சென்னைக்குச் சென்று எழுதிய எப். ஏ. பரீட்சையிலும் தேறாதவர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில், வறுமையுற்று, நெல்லூரில் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவ் அவர்களைக் காணச் சென்றார். ராவ் அவர்கள் பிற்காலத்தில் எழுதிய குறிப்பில், மழியாத முகமும் தூய்மை போதாத உடையும் கொண்டு, கிழிந்த நோட்டுப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி வந்த ஓர் இளைஞரை வருணிக்கிறார். கண்கள் மட்டும் ஒளிவிட்டன என்கிறார்.

அந்நோட்டுப் புஸ்தகத்தில் இருந்தவை கேட்பவர்க்கு எளிதில் விளங்குவன அல்ல. அதனை ராமானுஜன் உணர்ந்துகொண்டார். தம் முடிவுகளுள் எளியவற்றை முதலில் காட்டினார். அவை அச்சிட்ட நூல்களைக் கடந்து நிற்பதை ராவ் கண்டுகொண்ட பின்னர், படிப்படியாக அரியவற்றிற்கு அழைத்துச் சென்றார். இறுதியில், உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர் வாழ்வதற்குப் போதிய சிறு பொருள் வேண்டும் என்றார். பெருமையும் பேசவில்லை, கண்ணீரும் வடிக்கவில்லை.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் காரியாலயத்திற்கு அவர் எழுதிய விண்ணப்பமும் நம் மாணவர் கற்கத்தக்கதே. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப். ஏ. வரையில் படித்ததையும், சில இடையூறுகளால் மேலே தொடர இயலாமற் போனதையும், அதன் பின் கணிதத்திலேயே காலம் முழுவதும் செலவிட்டதையும், கேட்கும் வேலையைச் செம்மையாகச் செய்யக்கூடும் என்ற நம்பிக்கையையும் சில வரிகளில் கூறிவிடுகிறார். தேறாத பரீட்சையைத் தேறியதாக எழுதவில்லை. தேறாமையை நீள விரித்துப் புலம்பவும் இல்லை. மார்ச்சு முதல் நாளில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலையில் அமர்ந்தார்.

"ராமானுஜனைப் போல அழுக்குடையோடு போகலாமா?" என்று குறும்புக்கார மாணவர் கேட்கக்கூடும். உம் நோட்டுப் புஸ்தகமும் அவருடையதைப் போன்றதாயின் போகலாம் என்பேன். அஃதில்லாத நமக்கு, வெளுத்துத் தேய்த்த எளிய உடை வேண்டும். ஆள் பாதி, ஆடை பாதி என்ற பழமொழியில் ஆடைக்குப் பாதிதான் என்பதையும் மறவாதிருப்பீராக. நெடுநேரம் கண்ணாடிமுன் நின்று, செல்லும் இடத்தைப் பற்றி ஒரு பக்கமும் வாசியாமற் செல்கிறவர் பலர். மேசைக்கு அப்புறம் இருந்தபோது, "எங்கள் பள்ளியைப் பற்றி யாது அறிவீர்கள்?" என்று நாங்கள் கேட்டால், "மிகச் சிறந்த பள்ளி" என்பதற்கு மேல் கூறியவர் அருகியே இருந்தனர். எந்த ஆண்டில் தோன்றியது, என்ன வேலை நடக்கிறது, தாம் வேண்டும் பதவியின் கடமைகள் எவை என்பவற்றை முன்னரே அறிந்து செல்லாமை பெரும்பிழை. ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் உரியதன்று.

மிகையாகப் பேசுதல் அடுத்த பிழை. நம் காவிரி நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாற்று நட்ட வயலில் மடையை முழுவதும் திறந்துவிட்டால் பயிர் நிற்குமோ? வேண்டும் அளவு விட்டு அடைப்பவனே உழவன். ஒரு நிமிடத்தில் முடியும் விடையைப் பத்து நிமிடம் நீட்டுகிறவர், தாம் மறைக்க நினைத்ததையும் தாமே வெளியிட்டு விடுகின்றனர். தவளை தன் வாயாற் கெடும் என்ற முதுமொழிக்கு இலக்கியமான பலரைக் கண்டிருக்கிறேன். கேள்வியை முடியும் முன்னரே இடைமறித்து விடையிறுப்பதும் இவ்வகையினதே.

முன்பு வேலை செய்த இடத்தையும் அங்கிருந்த மேலாளரையும் பழித்துப் பேசுதல் பிறிதொரு பிழை. அப்பழி மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் கேட்பவர், "நாளை நம்மையும் இவர் இவ்வாறே பேசுவார்" என்று எண்ணுவர். பிரிந்த காரணத்தைக் கேட்டால், உண்மையை ஒரு வாக்கியத்தில் கூறி அமைவதே தகும். சம்பளத்தைப் பற்றிய பேச்சில் நம்மவர் இரு திறத்தாலும் தவறுவர். சிலர் அமர்ந்தவுடனே அதனைக் கேட்பர். சிலர், கேட்கப்பட்ட பின்னும், "தாங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்" என்று நாணி, பின்னர் வீட்டில் வந்து வருந்துவர். கேட்டபோது, கேட்டதற்கு மட்டும், நேராக விடையிறுத்த ராமானுஜன் முறையே இங்கும் சிறந்தது.

இக்காலத்தில் புதிதாகத் தோன்றிய ஒரு பிழையும் உண்டு. விண்ணப்பத்தைக் கணினி இயந்திரமே எழுதித் தருகிறது. நேர்முகமும் பல இடங்களிற் கணினித் திரையின் வழியாகவே நிகழ்வதால், திரைக்குப் பின் ஒருவர் விடை சொல்லித்தர, அதனை ஒப்பிப்பாரும் உளர். எழுத்துப் பிழையை நீக்கிக்கொள்ள இயந்திரத்தின் உதவி பெறுவது குற்றமன்று. தாம் செய்யாத காரியத்தையும் தமக்கில்லாத ஆற்றலையும் அஃது அழகிய நடையில் எழுதித் தரும்போது, அதன் கீழ்க் கையொப்பம் இடுவதே குற்றம். பட்டுச் சேலை வாங்க வருகிறவர் முகப்பை மட்டும் பார்ப்பதில்லை. திருப்பி உட்புறத்தையும் பார்ப்பர். "இதனைச் சற்று விளக்குங்கள்" என்ற ஒரு சொல்லில் உட்புறம் வெளிப்பட்டுவிடும். இரவல் சட்டையை யாரும் கண்டுகொள்ளமாட்டார். இரவல் அறிவை எளிதிற் கண்டுகொள்வர்.

இத்துணையும் கூறி, பரீட்சிப்போரைப் பற்றி ஒன்றும் கூறாது விடுதல் நடுவுநிலை ஆகாது. திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் அதிகாரங்களைப் பேசுவோர்க்கு வகுத்ததுபோலவே, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்பவற்றை ஆள் தெரிவோர்க்கு வகுத்தார். தேர்பவர் தவறினால், தேறுபவர் எத்துணைச் செம்மையாக நின்றும் பயனில்லை. "எந்த ஊர்?" என்று அன்பினாற் கேட்பாரும் உளர், "எந்தத் தெரு?" என்று சாதியை அறியும் பொருட்டுக் கேட்பாரும் உளர். அரசாங்க உத்தியோகத்தில் சாதி, மதம், பால், பிறந்த இடம் முதலியவற்றாற் பாகுபாடு கூடாது என்று நம் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு விதிக்கிறது. நேர்முகத்திற்கு அளவின்றி மதிப்பெண் ஒதுக்குதல் தன்னிச்சைக்கு இடம் கொடுக்கும் என்பதை உணர்ந்து, 1981-இல் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு நூற்றுக்குப் பதினைந்து என்ற வரம்பைச் சுட்டிற்று. மத்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டு ஜனவரி முதல் கீழ்நிலைப் பதவிகள் பலவற்றிற்கு நேர்முகத்தையே நீக்கிவிட்டது. இவையெல்லாம் மேசைக்கு அப்புறத்துப் பிழைகளுக்கு மருந்தாக வந்தவையே. ஆதலால், தேர்வு பெறாத மாணவர் ஒவ்வொருவரும் தம்மீதே குற்றத்தைச் சுமத்திக்கொண்டு மனம் ஒடிந்து போதல் வேண்டா. தம் பிழை எது, பிறர் பிழை எது என்று பகுத்தறிந்து, தம் பிழையை மட்டும் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

ஆயினும், தெருவைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறாரே என்று அஞ்சி, நாமே நம் தெருவை மறைத்தல் தகுமோ? என் முதல் நேர்முகத்தில் யாரும் என்னை இழிவுபடுத்தவில்லை. யானே என் தந்தையாரை இழிவுபடுத்தினேன். சிற்றூரிலிருந்து வரும் நம் மாணவர் பலரிடம் இந்நோய் இருப்பதைக் காண்கிறேன். வயலில் இறங்கிய காலையும், தறியில் பழகிய கையையும், தமிழில் சிந்திக்கும் மனத்தையும் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தைப் போர்த்துக்கொண்டு உள்ளே செல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும் உத்தியோகத்திற்கு ஆங்கிலத்தை நன்கு கற்றே செல்க, அதில் ஐயமில்லை. ஆனால், விளங்காத கேள்வியை விளங்கியதுபோலத் தலையசைத்து, வேறொன்றற்கு விடை கூறாதீர். "மன்னிக்க வேண்டும், மீண்டும் ஒருமுறை கூறுங்கள்" என்று கேட்பதால் ஒருவரும் தாழ்ந்து போவதில்லை. முறை வைத்து நீர் பாய்ச்சக் கற்றவனுக்குப் பொறுப்பு இன்னதென்று தெரியும். நூலிழை ஆயிரத்தில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்றவனுக்குக் கவனம் இன்னதென்று தெரியும். இவை காரியாலயங்கள் விலை கொடுத்து வாங்க விரும்பும் குணங்கள். நாமோ அவற்றை மறைத்து வைக்கிறோம்.

எங்கள் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. ஒரு புறத்து உடலை மறைத்துப் பார்த்தால் யானை. மறுபுறத்து உடலை மறைத்துப் பார்த்தால் காளை. இரண்டிற்கும் தலை ஒன்றே. குழுவில் அமர்ந்திருப்போர் மூவராயின் நம்மை மூன்று பக்கத்திலிருந்து பார்ப்பர். ஒருவர்க்கு நம் அறிவு தோன்றும். ஒருவர்க்கு அச்சம் தோன்றும். ஒருவர்க்கு வீடும் ஊரும் தோன்றும். அப்பார்வைகளை மாற்றுவது நம் வசத்தில் இல்லை. எப்பக்கத்திலிருந்து பார்ப்பினும் தலை ஒன்றாக இருக்கச் செய்வது மட்டுமே நம் வசத்தில் உள்ளது.

மறு ஆண்டில் ஒரு பள்ளியின் நேர்முகத்திற்குச் சென்றேன். விண்ணப்பத்தில், "தந்தை: நெசவாளர்" என்று எழுதினேன். குழுவில் இருந்த அம்மையார் ஒருவர், "நெசவில் கணக்கு உண்டா?" என்று கேட்டார். பாவிலுள்ள இழைகளை எண்ணுவதிலிருந்து தொடங்கி, கரையில் ஒரு பூவுக்கு எத்தனை இழை விட வேண்டும் என்பது வரையில் கூறினேன். இடையில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும், "அது எனக்குத் தெரியாது, அம்மா, எங்கள் அப்பாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்றேன். அனைவரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். அங்குத்தான் என் ஆசிரிய வாழ்க்கை தொடங்கிற்று.

வீட்டிற்குத் திரும்பி அக்கேள்வியை என் தந்தையாரிடம் கூறினேன். நாடாவை நிறுத்திவிட்டு நெடுநேரம் விளக்கினார். அவ்விடையை அந்த அம்மையாருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்புமாறும் வற்புறுத்தினார்; எழுதி அனுப்பினேன். காரியாலய வாயிலில் அழைப்பை எதிர்நோக்கி அமரப்போகும் என் இளைய நண்பர்களே! உங்களை அங்கு அனுப்பி வைத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே செல்லாதீர்கள். அறிந்ததைத் தெளிவாகவும், அறியாததை அச்சமின்றியும் கூறி மீளுங்கள். உத்தியோகம் இன்று கிட்டினும் நாளை கிட்டினும், வீட்டில் "என்ன கேட்டார்கள்?" என்று வினவுவார்க்கு, நிமிர்ந்து நின்று விடை கூறும் பேறு உங்கள் அனைவர்க்கும் வாய்ப்பதாக.